மூக்கின் இடது ஓரம்

செப்டம்பர் 7, ஞாயிறு

பரீட்சைக்கு ஒரு முகம் வேண்டும். தாராபுரத்தில் அழகுக்கலை வகுப்பு நடத்தும் ஜெசிந்தா மேடம் போன வாரமே சொல்லிவிட்டார். கரும்புள்ளி உள்ள முகமாக ஆளுக்கு ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். நவம்பர் ஒன்பது வரை அதைக் கவனித்து, முன்னும் பின்னும் படம் எடுத்து, அன்றைக்கு அந்த முகத்தையே கூட்டிக்கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண் என்று பிடித்துவிட்டார்கள். ஆனியில் கல்யாணமாகிக் காங்கேயத்துக்கு வந்த எனக்கு இங்கே யாரைத் தெரியும்? மாமனாரும் மாமியாரும் சுவரில் படமாக இருக்கிறார்கள். மிச்சம் ஒரு முகம்தான். அதையும் நான் இன்னும் நேராகப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். வீட்டுக்குப் பின்னால் கொப்பரைக் களமும் தேங்காய் எண்ணெய்ச் செக்கும் வைத்திருக்கிறார். என்னோடு பேசும்போது சுவரையோ ஜன்னலையோ பார்த்துத்தான் பேசுவார். பெண் பார்க்க வந்த அன்று கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பாவம், சளி போல என்று அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மத்தியானம் சோறு போடும்போது கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, பரீட்சைக்கு ஒரு முகம் வேணுங்க. உங்க முகத்தைக் குடுக்கறீங்களா?"

ரசம் பிசைந்த கை நின்றது. "என்ற முகமுங்களா?"

"மூக்குல கொஞ்சம் கரும்புள்ளி இருக்குதுங்களே, அதுக்குத்தான்."

"கொஞ்சமுங்களா," என்றார் ஜன்னலிடம். அப்புறம் தட்டிடம், "சேரிங்க."

சாப்பிட்டபின் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அதனால் முகம் முழுவதும் எனக்குக் கிடைத்தது. வெளியே களத்தில் வெயில், வீடு முழுக்கக் கொப்பரை வாசம். நான் ஏதோ குளத்துக்குள் குனிந்து பார்க்கிற மாதிரி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடக் குறிப்பு: மூக்கின் இரு பக்கமும் நெருக்கமான கரும்புள்ளிகள், இடது பக்கம் மிக அதிகம். நெற்றி சுத்தம். தாடையில் ஒன்றிரண்டு. இமைகள் நீளம்.

இமை பாடத்தில் கிடையாது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

அவருக்கு இன்றும் செக்கில்தான் படுக்கை. கொப்பரைக்குக் காவல் வேண்டுமாம். காவலுக்கு இரண்டு நாய்கள் இருக்கின்றன. எனக்கென்ன, கட்டில் முழுக்க எனக்கே.

செப்டம்பர் 10, புதன்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சீக்கிரம் போய்விடும் என்று ஆசைப்பட்டு, சர்க்கரையும் எலுமிச்சையும் அரிசி மாவும் குழைத்து மூக்கில் போட்டுப் பாத்திரம் விளக்குவது மாதிரி தேய்த்தேன். மனுஷர் வாயே திறக்கவில்லை. கழுவிப் பார்த்தால் மூக்கு தக்காளி நிறத்தில் இருக்கிறது.

"எரியுதுங்களா?"

"இல்லீங்க."

கண்ணில் தண்ணீர் நின்றது. பொய் சொல்லக்கூடத் தெரியாத மனிதர்.

செப்டம்பர் 13, சனி

வகுப்பு. படத்தைப் பார்த்ததும் ஜெசிந்தா மேடம் என்னை எழுப்பி நிறுத்தினார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? அது என்ன அடிப்பிடிச்ச சட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். கரும்புள்ளி என்பது அழுக்கு இல்லை. தோலின் துளைக்குள் உடம்பு தானே சுரக்கும் எண்ணெயும் செத்த தோலும் அடைத்துக்கொள்கின்றன. துளையின் வாய் திறந்திருப்பதால் காற்றுப் பட்டுப் பட்டு மேல்பாகம் கறுத்துவிடுகிறது. அதனால் தேய்த்தால் போகாது. நகத்தால் பிதுக்கினால் தழும்பாகும், சீழ் பிடிக்கும். காலையும் மாலையும் மென்மையான ஃபேஸ்வாஷ், சாலிசிலிக் அமிலம் சேர்ந்த ஜெல்லை முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெயிலில் போனால் எண்ணெய்ப் பசை இல்லாத சன்ஸ்கிரீன், முகத்தில் எண்ணெய் படாமல் பார்ப்பது, தலையணை உறையை அடிக்கடி மாற்றுவது. இவ்வளவுதான், மீதி வேலை பொறுமையுடையது. மூக்கு ஆறும்வரை ஜெல்கூட வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வேணும்னா பண்ணுனீங்க?" என்றார். சுவரைப் பார்த்துத்தான், ஆனால் கொஞ்சம் என் பக்கமாக இருந்த சுவர்.

செப்டம்பர் 15, திங்கள்

தலையணை உறை மாற்றச் செக்குக்குப் போனேன். தலையணையா அது? எண்ணெய் குடித்துக் குடித்துக் கண்ணாடித்தாள் மாதிரி ஆகியிருந்தது. வெள்ளை வேட்டியைக் கிழித்து உறை தைத்தேன். தைக்கும்போதே யோசித்தேன், அங்கே கொண்டுபோனால் நாலு நாளில் பழைய கதைதான்.

"ஏனுங்க, தலகாணி வீட்டுல இருந்தாத்தானுங்க சுத்தமா இருக்கும். மேடம் கண்டிசனாச் சொல்லிட்டாங்க."

மேடம் அப்படியொன்றும் சொல்லவில்லை.

தலையணை வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார். கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். மூக்குக்காகத்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மூக்கு ஆறிவிட்டது. இன்று ஆவி. ஜெல்லும் ஆரம்பித்தாயிற்று. சட்டியில் வெந்நீர் வைத்து, அவர் தலையில் துண்டைப் போட்டு, ஆவி ரொம்பச் சூடாகப் படுகிறதா என்று பார்க்க நானும் துண்டுக்குள் தலையை விட்டேன். வெள்ளை வெளிச்சம், வெள்ளைப் புகை. வெளியில் ராக்கியண்ணன் கொப்பரையைக் கூட்டும் சத்தம் எங்கேயோ வேறு ஊரில் கேட்பது போல இருந்தது. ராக்கியண்ணன் செக்கில் வேலை செய்கிறவர், மூக்குப்பொடி போடுகிறவர், சத்தமில்லாமல் எந்த வேலையும் செய்யாதவர். இருந்தும் அந்தச் சத்தம் எனக்குத் தூரத்தில்தான் கேட்டது.

"போதுங்களா?" என்றார் அவர்.

"இன்னும் கொஞ்சோ நேரமுங்க."

தண்ணீர் ஆறிப்போய் நேரமாகியிருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

தாடை சுத்தம். மூக்கின் வலது பக்கம் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. இடது பக்கம் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. இருப்பதும் போகவில்லை, புதிதாகவும் வருகிறது. ஒரே மூக்கு, ஒரே ஜெல், ஒரே கை. இதென்ன ஓரவஞ்சனை?

பிதுக்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது. கை துறுதுறுவென்கிறது. விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்க்கிறேன். அவர் இப்போதெல்லாம் கண்ணை அவ்வளவு இறுக்கி மூடுவதில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

காப்பி கொண்டுபோனபோது செக்குக்குள் அவர் தனியாக நின்றார். வலது கையில் எண்ணெய் டின்னின் மூடி. இடது கையில் ஒரு தென்னை ஈர்க்கு. அதை எண்ணெயில் தொட்டு மூக்கின் இடது ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். கண்ணை மூடி அசையாமல் நின்றார். கூரை ஓட்டின் சந்து வழியாக வெயில் விழுந்து தூசி மிதந்துகொண்டிருந்தது. அவர் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தமாதிரி கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், ஈர்க்கைப் பின்னால் மறைத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"எண்ணெய் பாக்கறனுங்க." தலை குனிந்துகொண்டார். "எங்கப்பா பாத்தது. கொப்பரைப் பருப்புல துளி ஈரம் இருந்திருந்தாலும் ஒடம்புச் சூட்டுல எண்ணெய் காட்டிக் குடுத்துரும். சும்மா மோந்தாத் தெரியாதுங்க."

"கையில தடவிப் பாக்கக் கூடாதுங்களா?"

"கையில எந்நேரமும் பருப்பு வாசம். அதுக்குத்தான் மூக்குல."

பதினைந்து வயதிலிருந்து ஒவ்வொரு முறை எண்ணெய் எடுக்கும்போதும் இப்படி ஒரு கோடு இழுத்திருக்கிறார். தோலை அடைப்பதில் தேங்காய் எண்ணெயை மிஞ்ச ஆளில்லை என்று மேடம் முதல் வகுப்பிலேயே சொன்னார். நான் வாரக்கணக்கில் மூக்கைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், இவர் இங்கே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார். கோபத்தில் சட்டென்று சொல்லிவிட்டேன்.

"பரீட்சை முடியற வரைக்கும் இதை நிறுத்துங்க."

"நிறுத்தோணுங்களா?"

"ஆமாங்க."

டின்னைப் பார்த்தார். ஈர்க்கைப் பார்த்தார். "சேரிங்க," என்றார். அவர் எதற்கும் சேரிங்க என்றுதான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இடது பக்கத்தில் புதிதாக ஒன்றுகூட வரவில்லை. மேடத்துக்குப் படம் அனுப்பினேன். கைதட்டும் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எங்களுக்குத் தலை தீபாவளி. முத்தூரில் அம்மா வீடு. மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்க அம்மா கிண்ணத்தோடு வந்ததும் நான் குறுக்கே போய் நின்றேன்.

"தலைக்கு மட்டும் வைம்மா. நெத்திக்குக் கீழ ஒரு சொட்டு எறங்கக் கூடாது."

"ஏம்புள்ள, எண்ணெய்க்குக் கோடு போட்டு நிக்கச் சொல்லுவியா?"

அவர் மணையில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்து நெற்றியில் கட்டிக்கொண்டார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். சின்ன அத்தை ஒருத்தி, "மாப்பிள்ளைக்கு மூக்குல என்ன, எள்ளு தூவுன மாதிரி இருக்குமே, காணமே?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான், கேட்ட இடம் சரியில்லை. அவர் தலை குனிந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தை இலைக்கு இனிப்பே வைக்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் சொன்னார். "பள்ளிக்கூடத்துல எனக்கு எள்ளுமூக்கன்னுதான் பேருங்க. வாத்தியாருமே ஒருக்கா அப்படிக் கூப்புட்டாரு." முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அழுதேன். காற்று அடித்ததில் காய்ந்துவிட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை விட்டபாடில்லை. களத்தில் தார்ப்பாய்.

பாலக்காட்டுக்குப் போன எண்ணெய் டின்கள் திரும்பி வந்துவிட்டன. அங்கே நேந்திரங்காய் சிப்ஸ் போடும் அச்சுதன், என் மாமனார் காலத்திலிருந்து இங்கேதான் எண்ணெய் எடுக்கிறார். போனில் அவர் பேசியது எனக்கே கேட்டது. "சென்னியப்பா, சிப்ஸ் முழுக்க ஒரு பூசணம் மணம். அப்பன் காலத்துல இது நடந்தில்லல்லோ." இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார். செக்கு ஓடுவதே பாதி அவரால்தான். அவர் போனால் செக்கை யாருக்காவது விட்டுவிட்டு இவர் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

டின்களை இறக்கிக்கொண்டே ராக்கியண்ணன் என்னிடம் சொன்னார். "தம்பி இப்பெல்லாம் மோந்து பாக்கறதே இல்லீங் அம்மிணி. நானும் கேட்டுப் பாத்துட்டேன். வேண்டாமுங்கறாரு. நான் பாக்கலாமுன்னா, பொடி போட்ட மூக்குல என்னத்தத் தெரியும்?"

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்டோபர் 29, புதன்

"என்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"என்னன்னு சொல்றது?"

"எண்ணெய் கெட்டுப் போகும்னு."

"மழையில பருப்பு ஈரமாகும்னு நெனைக்கல. என்ற தப்பு."

"தப்பு என்னோடதுங்க. நாளையிலிருந்து பாருங்க. பரீட்சை கெடக்குது."

முதல்முறையாக நேராக என் முகத்தைப் பார்த்தார். "வாக்குக் குடுத்துட்டேன். உனக்கு சர்ட்டிபிகேட் வேணும். முன்னாடி ரூமுல பார்லர் போடோணும்னு சொன்ன இல்ல?" மூக்கைத் தொட்டுக்கொண்டார். "இந்த மூஞ்சிய இத்தன நேரம் சிரிக்காமப் பாத்தது நீ ஒருத்திதான்."

வெண்டைக்காய் நறுக்கினேன். நாளைக்கும் சேர்த்து நறுக்கிவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆவி இல்லை. இனித் தேவையில்லை. மூக்கு இரு பக்கமும் தெளிவாக இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தேன். பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால் வேறு ஆள்.

அடுத்த ஞாயிறு பரீட்சை. அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம் நாற்காலியை ஜன்னலோரம் போட ஒரு காரணமும் இருக்காது. அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு செக்குக்குப் போய்விடலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று எழுத நேரம் கிடைக்கவில்லை.

பரீட்சை முடிந்தது. ஜெசிந்தா மேடம் பூதக்கண்ணாடி வைத்து அவர் மூக்கை ஓரம் ஓரமாகப் பார்த்தார். மறுபடி வராமல் இருக்க என்ன செய்வாய் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். தேறிவிட்டேன். அவ்வளவுதான் பரீட்சை.

எழுத வேண்டியது நேற்று நடந்தது. ஒரு வாரமாக வெயில் அடித்துக் கொப்பரை நன்றாகக் காய்ந்திருந்தது. அதில் ஆட்டிய எண்ணெய் தெளிந்து, நேற்று மத்தியானம் பாலக்காட்டு லாரி வாசலில் வந்து நின்றது. அச்சுதன் கொடுத்த கடைசி வாய்ப்பு. நான் செக்குக்குப் போனபோது இவர் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து முகர்ந்துகொண்டிருந்தார். ஈர்க்கு பக்கத்திலேயே கிடந்தது. தொடவில்லை.

"நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குது. இருக்குதுன்னுதான் தோணுது." குரலில் உறுதி இல்லை. "போன தடவையும் இப்படித்தான் தோணுச்சு."

"ஒரு கோடு இழுத்துப் பாருங்க."

"நாளைக்குப் பரீட்சை."

ஒருநாள் எண்ணெய் பட்டால் மறுநாளே கரும்புள்ளி வந்துவிடாது. அதற்கு வாரக்கணக்காகும். இது எனக்கு நன்றாகத் தெரியும், வகுப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. அண்டாத் தண்ணீரில் சோப்புப் போடாமல் முகத்தைக் கழுவி முந்தானையால் ஒற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றேன்.

"இங்க தடவிப் பாருங்க."

"எங்க?"

கன்னத்தைக் காட்டினேன்.

அவர் ஈர்க்கை எடுத்தார். கோடு காதுவரை போய்விட்டது. எண்ணெய் இளஞ்சூடாக இருந்தது. அது என் சூட்டுக்கு வரும்வரை இருவரும் காத்துக்கொண்டு நின்றோம். வெளிச்சத்தில் தூசி மெல்ல மெல்ல இறங்கியது. ஊரில் ஒருவருமே இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. அப்புறம் அவர் குனிந்தார். மறைக்காமல், திரும்பிக்கொள்ளாமல், அந்த மூக்கை என் கன்னத்தின் பக்கம் கொண்டுவந்தார். கண்ணை மூடியது இந்தத் தடவை நான்.

"எப்படிங்க?"

"தெரியல கோகிலா. இன்னொருக்கா பாக்கோணும்."

பார்த்தார். வெளியே ராக்கியண்ணன் இருமினார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"இன்னும் தெரியலீங்களா?"

"எண்ணெய் மொதல்லயே தெரிஞ்சு போச்சு," என்றார் என் காதோரத்தில். "நல்ல எண்ணெய்."

சொல்லிவிட்டு அவர் நிமிரவில்லை. நானும் நகரவில்லை.

"டின்ன ஏத்தட்டுங்களா தம்பி?" என்று ராக்கியண்ணன் வாசலிலிருந்து சத்தமாகக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.